சங்கு ஊதும்போது போன் அடித்தால்

ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரனைக் கூப்பிட்டு ஸ்டேஷன் மலருக்கு எழுதச் சொன்னால், தான் அணைத்த பெரிய தீயைப் பற்றித்தான் எழுதுவான் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கும் அப்படி நாலைந்து உண்டு. காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டைக் கிடங்கு எரிந்தபோது அந்தப் புகை தொண்டையில் ஏறி, பல நாள் சோறு ருசிக்கவில்லை. சேத்தியாத்தோப்பில் வைக்கோல் லாரி ஒன்று மின்கம்பியில் உரசி, எரிந்துகொண்டே கடைத்தெரு வரைக்கும் ஓடி வந்தது. அதையெல்லாம் டீ குடிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம். இங்கே எழுதப்போவது நெருப்பே இல்லாத ஒரு நாளைப் பற்றி. படித்து முடித்ததும் இப்போது ஸ்டேஷனில் இருக்கும் தம்பிகளுக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும்.

நான் நெய்வேலிக்கு மாற்றலாகி வந்தபோது நம் ஸ்டேஷனில் ஓர் அதிகாரி இருந்தார். பெயர் போடமாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் நாங்கள் வரிசையில் நின்றதும், சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் முதல் நாள் தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளின் அடியில் பொடி எழுத்தில் 'இதே நாளில்' என்று போட்டிருப்பதைச் சத்தமாகப் படிப்பார். எந்த வருஷமோ, எந்த நாடோ, அதே தேதியில் நடந்தது. பூகம்பம், கப்பல் மூழ்கியது, சுரங்கம் சரிந்தது, யாரோ ஓர் அரசனைக் கொன்றது. நல்லதும் இருக்கும். ஆனால் இவர் நல்லதைத் தாண்டிப் போய்விடுவார்.

"ஐயா இன்னைக்கு யாரக் கொன்னாரு?" என்று நாங்கள் பின்னால் கேலி பேசுவோம். ஒருநாள் அது அவர் காதில் விழுந்துவிட்டது. கோபப்படவில்லை.

"யோவ், செத்தவங்க எல்லாருக்கும் அன்னைக்குக் காலையில அது சாதாரண தேதிதான்யா. காப்பி குடிச்சிருப்பான், பொண்டாட்டியோட சண்ட போட்டிருப்பான். அத ஞாபகம் வச்சிக்கத்தான் படிக்கிறேன்" என்றார்.

இதுதான் அவர் எங்களுக்கு நடத்திய பாடம். வேறு எதையும் இவ்வளவு நீளமாகச் சொன்னதில்லை.

ஜனவரி முப்பது வந்தது. தேசத்தந்தையைச் சுட்டுக் கொன்ற நாள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்தத் தேதிக்கு இன்னும் நிறையக் கணக்கு இருக்கிறது என்பது அன்றைக்கு அவர் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இங்கிலாந்தில் தங்கள் ராஜாவின் தலையை அந்த ஜனங்களே வெட்டியது இதே தேதியில். போருக்குப் பயந்து ஓடிவந்த ஆயிரக்கணக்கானவர்களோடு ஒரு ஜெர்மானியக் கப்பல் பனிக்கடலில் மூழ்கியது இதே தேதியில். அயர்லாந்தில் ஊர்வலம் போன ஜனங்களைப் பட்டாளம் சுட்டதும் இதே தேதியில்தான். அவர் படித்து முடித்ததும் வரிசையில் யாரோ, "ராசியான நாள்தான்" என்று முணுமுணுத்தார்கள். சிரித்தோம்.

அன்றைக்கு மேலதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்திருந்தார். எங்கள் ஐயாவுக்கு மேல், அவருக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்கு இரண்டு நிமிஷ மௌன அஞ்சலி, அது முடிந்ததும் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி. தமிழ்நாட்டில் எல்லா அலுவலகத்திலும் அன்றைக்கு அதுதான் வழக்கம். மேலதிகாரி மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் நிக்கணும். ஒருத்தர் பாக்கியில்லாம" என்றார். அதனால் போன் அறையில் இருக்கவேண்டியவரும் வந்து வரிசையின் கடைசியில் நின்றார். கதவு திறந்தேதான் இருந்தது.

உங்களில் வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாகவேண்டும். இந்த ஊர் சுரங்கத்துச் சங்குக்குக் கட்டுப்பட்ட ஊர். வேலைக்குப் போகச் சங்கு, திரும்பச் சங்கு. சங்கு கேட்டு உலை வைப்பார்கள், சங்கு கேட்டுப் பிள்ளையை எழுப்புவார்கள். பல ஜில்லாவிலிருந்து வந்து சேர்ந்த ஜனங்களுக்குப் பொதுவாக இருந்த ஒரே பெரியவர் அந்தச் சங்குதான். வேறு ஊர்களில் ஜனவரி முப்பதாம் தேதி சங்கு ஊதினால் பாதிப்பேர் காதில் வாங்காமல் நடப்பார்கள். இங்கே அப்படியில்லை. பஸ் நிற்கும். சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார்கள். காய்கறிக் கடையில் தராசைக் கீழே வைத்துவிட்டு நிற்பார்கள். மறுபடி சங்கு ஊதுகிற வரைக்கும் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். நான் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டவன்தான்.

சங்கு ஊதி ஓய்ந்தது. நாங்கள் தலையைக் குனிந்தோம். அரை நிமிஷம் ஆகியிருக்காது, போன் அடித்தது.

அந்த அமைதியில் அந்தப் பழைய கறுப்பு போன் எப்படி அடித்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. யாரும் அசையவில்லை. ஐயாவின் கழுத்து நரம்பு புடைத்தது. மேலதிகாரி கண்ணை மூடியிருந்தார். என் மனம் என்னென்ன சொன்னது தெரியுமா? ராங் நம்பராக இருக்கும். யாராவது வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள். அவசரம் என்றால் மறுபடி அடிப்பார்கள். தம்பிகளே, மனம் இப்படித்தான் பேசும். நல்லவன் குரலில், பொறுமையாகப் பேசும். அதை நம்பாதீர்கள்.

போன் நின்றது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. உடனே மறுபடி அடித்தது.

நான் வரிசையை விட்டு ஓடினேன். அதில் வீரம் ஒன்றும் கிடையாது. இரண்டாவது தடவை அடித்தபோது கால் தானாகப் போய்விட்டது. பூட்ஸ் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

மறுமுனையில் ஒரு பெண். மூச்சு வாங்கிக்கொண்டே மண்டபத்தின் பெயரைச் சொன்னாள்.

"அண்ணா, மண்டபத்தாண்ட வாங்கண்ணா. எங்கூட்டுக்காரு குழில வுழுந்துட்டாரு. கத்துறேன், ஒருத்தரும் வரமாட்றாங்க. அல்லாரும் நின்னுகினே கீறாங்கண்ணா!"

வாசலுக்கு வந்து, "சார், எமர்ஜென்சி கால்!" என்று கத்தினேன். மௌனம் முடியவில்லை. எங்கள் ஐயா மேலதிகாரியைப் பார்த்தார். மேலதிகாரி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. ஐயா அவர் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. விசிலை எடுத்து ஊதினார். வண்டி கேட்டைத் தாண்டும்போது பார்க்கிறேன், ரோட்டில் பஸ் நிற்கிறது, ஜனங்கள் குனிந்து நிற்கிறார்கள். நாங்கள் மணியடித்துக்கொண்டு அவர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறோம். ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்து, சத்தம் போடாதே என்று சைகை செய்தார். தெருமுனையைத் தாண்டுவதற்குள் இரண்டாவது சங்கு ஊதியது.

அது டவுன்ஷிப்புக்கு வெளியே இருந்த ஒரு தனியார் கல்யாண மண்டபம். இப்போது இடித்துவிட்டார்கள். மறுநாள் முகூர்த்தம். வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. பின்பக்கம் கழிவுத் தொட்டி நிறைந்து வழிந்ததால் இறங்கிச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிட்டிருந்தார்கள். ஏழுமலை வந்திருந்தான். குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு காலனிக்காரன். போன் செய்தது அவன் மனைவி அஞ்சலை. வாளி தூக்கிக் கொட்ட வந்தவள். மேலே நின்று ஏழுமலையின் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்தது அவளுடைய தம்பி குமார். அவனும் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவன்தான்.

எப்படி இறங்கினோம், என்ன மாட்டிக்கொண்டோம் என்பதெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மேலே கொண்டுவந்து தரையில் கிடத்தினோம். ஐயா மண்டியிட்டு உட்கார்ந்தார். தன் கைக்குட்டையால் அவன் வாயையும் மூக்கையும் துடைத்தார். குனிந்து அவன் வாயில் வாய் வைத்து ஊதினார். விட்டுவிட்டு மறுபடி ஊதினார். சுற்றி நின்ற கூட்டத்தில் நிறையப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

மண்டபத்தின் முன்பக்கம் ஒரு சங்கத்தார் அதே நாளுக்காகக் கூட்டம் போட்டிருந்தார்கள். பின்பக்கம் நடந்தது அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. பேச்செல்லாம் முடிந்து மைக்கில் உறுதிமொழி தொடங்கியது. தீண்டாமையை எந்த வடிவத்திலும் கடைப்பிடிக்க மாட்டோம் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். ஐயா ஊதிக்கொண்டே இருந்தார். முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்த பிறகும், அவருக்கே தெரிந்த பிறகும் ஊதினார். நான்தான் அவர் தோளைத் தொட்டு, "சார், போதும் சார்" என்றேன்.

குமார் கயிற்றை இன்னும் விடவில்லை. மறுமுனையில் ஒன்றும் இல்லை. உள்ளே மூச்சு முட்டினால் கயிற்றை இழுத்துக் காட்டுவது வழக்கம், மேலே இருப்பவர் உடனே தூக்கவேண்டும். அவனிடம் நான்தான் கேட்டேன்.

"கயித்த இழுத்தாரா?"

"இழுத்தாரு சார். ஒருவாட்டி."

"அப்புறம்?"

"அப்பத்தான் சங்கு ஊதுச்சி சார். மண்டபத்துல இருந்து ஒருத்தரு வந்து, எல்லாம் வேலய நிறுத்திட்டு அசையாம நில்லுங்கன்னாரு. அக்கா கத்துச்சி, உஷ்ஷுன்னாரு. இஸ்கூல்ல அப்பிடித்தான நிக்கச் சொல்லுவாங்க. மறுசங்கு ஊதுனதும் தூக்கிக்கலாம்னு நின்னுகினு இருந்தேன் சார்."

அஞ்சலை அந்த ஆளைத் தள்ளிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்கு ஓடியிருக்கிறாள். மேஜைமேல் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து நமக்கு அடித்திருக்கிறாள். முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. அங்கே குமார் நிற்கிறான். இங்கே நாங்கள் நிற்கிறோம். தேசத்தந்தை என்ற ஒரே மனிதருக்காக ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நின்றிருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா" என்றார். டாக்டர்கள் எல்லாச் சாவுக்கும் சொல்வதுதான். ஆனால் அந்தக் 'கொஞ்சம்' எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அது எங்கள் மைதானத்தில் கிடந்தது.

அன்று சாயந்திரம் யாரையாவது ஒருத்தனைத் திட்டவேண்டும் போலிருந்தது. ஏழுமலையைக் குழியில் இறக்கிய ஒப்பந்தக்காரனை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், திட்டினேன். வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, அவனுக்கு ஒன்றும் ஆகாமல் முடிந்தது. ஆனால் அந்த இரண்டு நிமிஷத்துக்கு யாரைத் திட்டுவது? மண்டபத்தில் உஷ்ஷென்றவர் கெட்டவர் இல்லை, நாட்டின்மேல் மரியாதை உள்ளவர். எங்கள் மேலதிகாரியும் கெட்டவர் இல்லை. விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குமார் என்ன செய்வான்? பள்ளிக்கூடத்துக்குப் போனது கொஞ்ச நாள். அந்தக் கொஞ்ச நாளில் நாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் செய்தான். கொலைகாரன் என்று ஒருத்தன் கிடைத்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கிடைக்கவில்லை. எல்லோரும் ஒழுங்காக நின்றோம், ஒருத்தன் செத்தான்.

மறுவருஷம் அதே தேதி. ஐயா வழக்கம்போலத் தாளைக் கிழித்துவிட்டுப் படித்தார். ராஜா, கப்பல், ஊர்வலம், தேசத்தந்தை. பிறகு தாளிலிருந்து கண்ணை எடுத்து, "இதே நாளில், ஏழுமலை. கல்யாண மண்டபத்துக் குழியில" என்றார். அன்றைக்கு யாரும் முணுமுணுக்கவில்லை. அவர் இருந்தவரைக்கும் ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் படித்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் அச்சடித்திருப்பதை மட்டும் படித்தார். அதற்கடுத்து வந்தவருக்குக் காலண்டர் படிக்க நேரமில்லை. ஒரு சாவு வரலாற்றில் எத்தனை காலம் இருக்கும் என்றால், அதைச் சொல்கிற ஆளுக்கு மாற்றல் வருகிற வரைக்கும். எந்தக் காலண்டரிலும் ஏழுமலை வரமாட்டான். அந்தத் தேதியில் ஏற்கெனவே இடம் நிறைந்துவிட்டது.

பிற்பாடு நானே இங்கே பொறுப்புக்கு வந்தபோது ஒரே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். ஜனவரி முப்பது பதினோரு மணிக்கு யார் வந்திருந்தாலும், எவ்வளவு பெரிய ஆள் முன்னால் நின்றாலும், ஒருவர் போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும். நிற்கக்கூடத் தேவையில்லை, ரிசீவர் மேல் கை வைத்து உட்காரவேண்டும். தேசத்தந்தைக்கு மரியாதை இல்லையா என்று ஒருவர் கேட்டார். "அவரே இங்க இருந்தா போனத்தான் எடுப்பாரு" என்றேன். என் பணிக்காலத்தில் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான். வாங்கிய பதக்கத்தையெல்லாம் எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

அஞ்சலைக்கு அதன்பிறகு இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கும் வேலை கிடைத்தது. ஜனவரி முப்பதாம் தேதி பள்ளியில் எல்லோரும் நிற்பார்கள், அவள் மட்டும் பெருக்கிக்கொண்டிருப்பாள். ஹெட்மாஸ்டர் ஒருமுறை கண்டித்தாராம். "அன்னைக்கு எல்லாரும் நின்னதே போதும் சார், இனிமே நான் நிக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றைக் கீழே வைக்காமல் போய்விட்டாளாம். வாரச்சந்தையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று.

"உங்க ஆபீஸ்ல போன் எடுக்க ஆள் வச்சிருக்கீங்க இல்ல சார்?"

"வச்சிருக்கேம்மா."

பணியில் இருந்தபோது அதை நெஞ்சு நிமிர்த்திச் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகும் அதே பதிலைத்தான் சொன்னேன், நம்பிக்கையில். இந்த ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி சந்தையில் பார்த்தபோது அவள் கேள்வியோடு நிறுத்தவில்லை.

"எம்புள்ள இப்ப கழிவு லாரிக்குப் போறான் சார். வேற வேல தேடித் தேடிப் பாத்துட்டான். மிஷின்தான் இழுக்குது, எறங்க மாட்டேன்னு சொல்றான். ஆனா அடைச்சிக்கினா எறங்கச் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? நாளைக்கும் வண்டி ஓடுதாம். அதான் கேக்குறேன்."

என்னால் வழக்கமான பதிலைச் சொல்ல முடியவில்லை. "நாளைக்கு நானே பாத்துட்டு வந்து சொல்றேம்மா" என்றேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு முன்பே நம் ஸ்டேஷன் கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் வந்து நின்றேன். நீங்கள் என்னைக் கவனிக்கவில்லை. மைதானத்தில் வரிசையாக நின்றிருந்தீர்கள். புது யூனிஃபார்ம், பளபளவென்று பூட்ஸ். முன்னால் ஒருவர் செல்போனில் படம் எடுக்கத் தயாராக இருந்தார். சங்கு ஊதியது. எல்லோரும் தலை குனிந்தீர்கள். போன் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே நாற்காலி காலியாக இருந்தது.

என் செல்போனை எடுத்து நம் ஸ்டேஷன் நம்பரை அடித்தேன். மணி அடிப்பது எனக்கு இரண்டு காதிலும் கேட்டது, ஒரு காதில் செல்லில், இன்னொரு காதில் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. வரிசையில் ஒரு தம்பியின் தோள் லேசாக அசைந்தது. போவான் என்று நினைத்தேன். போகவில்லை. முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். எங்கள் காலத்தில் இரண்டாவது மணிக்காவது ஒருத்தன் ஓடினான். அதுவும் முழுதாக அடித்து ஓய்ந்தது. நீங்கள் அப்படியே நின்றீர்கள். எங்களைவிட ஒழுங்காக நின்றீர்கள்.

உள்ளே வந்து உங்களைப் பார்த்துக் கத்தியிருக்கலாம். கால் வரவில்லை. நான் போனபின் ஒரு வருஷம்கூடத் தாங்காத ஒரு வழக்கத்துக்காகவா இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மறுசங்கு ஊதியது. உறுதிமொழி எடுத்தீர்கள். குரல் கணீரென்று ரோடு வரைக்கும் கேட்டது.

சாயந்திரம் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். அஞ்சலை எனக்காகவே காத்திருந்தாள். அவள் மகன் அன்றைக்கு நல்லபடியாக வீடு திரும்பிவிட்டான் என்று சொன்னாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

"போனு எடுத்தாங்களா சார்?"

"எடுத்தாங்கம்மா" என்றேன். "முதல் மணியிலயே எடுத்தாங்க."

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, நம் ஸ்டேஷன் இருக்கிற திசையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"நல்லாருக்கட்டும் சார் அந்தப் புள்ளைங்க" என்றாள்.